அத்தான் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் ஓட்டுநர் சங்கக் கூடத்தின் வாசலில் மின்சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றுவிடும். ஆளாளுக்குத் தங்கள் பேட்டரிப் பெட்டியைக் கழற்றி, தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கி வந்தவர்கள்போல மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள், மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள், பார்சல் தூக்குகிறவர்கள். கூடத்தின் நடுவில் ஒரு நீள மேசை. மேசைக்குப் பின்னால் மீட்டர்.

மீட்டர் என்பது அவனுடைய அத்தான் வைத்த பெயர். கையில் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் வைத்தது. "இவன் என் பொண்டாட்டி தம்பி. அவங்க அக்கா கோபத்தைத் தவிர உலகத்துல எல்லாத்தையும் அளந்துடுவான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் அத்தான் அறிமுகப்படுத்துவார். அத்தான் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

பெட்டிகளைத் திறப்பதற்கு முன்னால் அக்கா மகள் எழுந்து நின்று பேசுவாள். அவள் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவள். மேடைப் பேச்சு தெரியாது, அதனாலேயே அவள் பேசினால் கூடம் அடங்கிவிடும்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல பேட்டரி தீப்பிடிச்சு எங்க அப்பா போயிட்டார். முப்பத்தாறு வோல்ட் பெட்டிக்கு நாப்பத்தெட்டு வோல்ட் சார்ஜரை எடுத்துச் சொருகிட்டார். அதுல நம்பர் போட்டுத்தான் இருக்கு. ஒரு நிமிஷம் குனிஞ்சு பார்த்திருந்தா போதும். எங்க அப்பா பார்க்கல. நீங்க பாருங்க."

எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாக இதையே சொல்கிறாள். எட்டு முறையும், "எங்க அப்பா பார்க்கல" என்ற இடம் வரும்போது மீட்டர் எதையாவது தேடுகிறவன்போல மேசைக்கு அடியில் குனிந்துகொள்வான்.

அந்த எட்டாவது ஞாயிறன்று முதலில் வந்தவர் மருந்துக்கடைக்காக ஓட்டுகிற ஒரு பெரியவர். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களை மாதிரி ஒரு ஆள் பக்கத்துல இருந்தும் உங்க அத்தானுக்கு இப்படி ஆயிடுச்சே. ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டிருக்கலாம் அவரு."

மீட்டர் பக்கத் தகட்டின் திருகாணியைக் கழற்றினான்.

அத்தான் கேட்டார். அதுதான் விஷயம்.

அத்தானும் அவனும் சேர்ந்துதான் கடை நடத்தினார்கள். முன்பக்கம் அத்தானுடைய பன்னிரண்டு வாடகை மின்சைக்கிள்கள். பின்பக்கம் மீட்டருடைய வேலை மேசை. ஒவ்வொரு வண்டிக்கும் அத்தான் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். மேடு ஏறும்போது முனகுகிற ஒன்பதாம் நம்பருக்குக் கிழவி என்று பெயர். வண்டி திரும்பி வந்ததும் அதன் பெட்டி பின்பக்கம் போகும். மீட்டர் அதைத் திறந்து, உள்ளே இருக்கிற செல்களை வரிசை வரிசையாக அளந்து, கெட்டதை மாற்றி, மூடி, மேலே ஒரு வெள்ளை டேப்பை ஒட்டிப் பேனாவால் ஒரே ஒரு வார்த்தை எழுதுவான்: பார்த்தாச்சு. அந்த டேப்பைப் பார்த்தால் அத்தான் பெட்டியை எடுத்துச் சார்ஜ் போட்டு வண்டியில் மாட்டிவிடுவார். பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது.

ஆனால் அந்த வார்த்தைக்குள் இரண்டு வார்த்தைகள் குடியிருந்தன. மீட்டருக்கு அது, திறந்து பார்த்துவிட்டேன் என்பது. அத்தானுக்கு அது, வேலை முடிந்துவிட்டது என்பது. டாக்டர் பார்த்தாச்சு என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கடைக்காரன் வண்டியைப் பார்த்தாச்சு என்றால் இனி ஓட்டலாம் என்று அர்த்தம். இந்த இரண்டும் பதினோரு வருடம் முட்டிக்கொள்ளாததற்குக் காரணம், திறந்த பெட்டியை முடிக்காமல் மீட்டர் ஒரு நாளும் எழுந்ததில்லை.

தீப்பிடித்த அன்றைக்கு எழுந்தான்.

கிழவி முந்தின நாள் மழையில் நனைந்து வந்திருந்தது. மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்தபோதே நகப்பூச்சு வாடை போல இனிப்பாக ஒரு வாடை அடித்தது. செல்லுக்குள் இருக்கிற திரவம் கசிந்தால் வருகிற வாடை. பத்து வரிசையில் ஒன்பது வரிசை மூன்று புள்ளி எட்டு வோல்ட் காட்டியது. ஏழாவது வரிசை இரண்டு புள்ளி ஒன்று. அப்படிப்பட்ட பெட்டியைச் சார்ஜ் போடுவது தூங்குகிற நாயின் வாலை மிதிப்பது மாதிரி. அந்த வரிசையை அறுத்து எடுத்துவிட்டுப் புதிய செல்களை வைத்து, அவற்றை இணைக்கிற நிக்கல் பட்டை போட்டுப் பற்றவைக்க வேண்டும். பட்டைச் சுருள் தீர்ந்து போயிருந்தது. பட்டை விற்கிற கடை மூன்று மணிக்குமேல்தான் திறக்கும்.

வெறும் முனைகளில் யாராவது கை வைத்துவிடக் கூடாதே என்று மூடியைப் போட்டு டேப் ஒட்டினான். டேப் ஒட்டியதும் கை தானாகப் பேனாவை எடுத்தது. எழுதியது அவன் இல்லை, பதினோரு வருடப் பழக்கம் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கெட்ட பெட்டியை, பற்றினாலும் தீ பரவாமல் இருக்க, வாசலுக்கு வெளியே மணல் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். தொட்டியைச் சுற்றி நாலு வண்டி நின்றது. நகர்த்த அலுப்பாக இருந்தது. வழக்கமான அலமாரியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தான்.

இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"மாப்ள, கிழவி பெட்டி பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு அத்தான்."

"நெஜமாவா? டேப் போட்டிருக்கு, ஆனா ஏதோ வாடை அடிக்கிற மாதிரி இருக்கே. அதான் கேட்டேன்."

"திறந்து பார்த்துட்டேன் அத்தான். மழைத் தண்ணி."

"சரி சரி, தூங்கு. குரல்லயே தலகாணி தெரியுது."

அவ்வளவுதான். அன்றைக்குக் கடைத் தெருவில் கம்பி மாற்றுவதற்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அத்தான் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசல் நடையில் இருந்த பிளக்கில் போட்டுவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தார். வீட்டுக்கு அந்த ஒரு வாசல்தான். அக்கா சலவை நிலையத்தில் வேலையில் இருந்தாள், மகள் அச்சகத்தில். மூன்று பத்துக்கு எதிர்வீட்டுக்காரர் புகையைப் பார்த்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் குழாயோடு கிடந்துவிட்டு அத்தான் போய்ச் சேர்ந்தார்.

ஆறாம் நாள் தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி கடைக்கு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக்கூட வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"நடையில ரெண்டு சார்ஜர் உருகிக் கிடந்துச்சு. ஒண்ணு முப்பத்தாறு, ஒண்ணு நாப்பத்தெட்டு. எதைப் பெட்டியில சொருகியிருந்தார்னு சொல்ல முடியல, எல்லாம் ஒண்ணா ஒட்டிப்போச்சு. நீங்க தொழில் தெரிஞ்சவர். தப்பான சார்ஜரால இப்படி ஆக வாய்ப்பு இருக்கா?"

"இருக்கு" என்றான் மீட்டர்.

அது பொய்யில்லை. எந்த நிபுணரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். பெட்டி ஏற்கெனவே கெட்டிருந்ததா என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மீட்டர் நினைத்தான். கேட்காமல் போகட்டும் என்றும் அதே நொடியில் வேண்டிக்கொண்டான். அதிகாரி எழுதினார்: தவறான சார்ஜர், பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.

அந்த வரியிலிருந்துதான் அக்கா மகள் தன் பேச்சை உண்டாக்கினாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை ஆரம்பித்தவன் மீட்டர்தான். வெள்ளை டேப்பைத் தூக்கி எறிந்தான். ஒரு தாள் தயார் செய்தான். பத்து வரிசைக்குப் பத்துக் கட்டம், ஒவ்வொன்றிலும் எண். கண்டது என்ன, செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன, இன்று சார்ஜ் போடலாமா கூடாதா, கையெழுத்து. கூடாது என்றால் பெட்டிமேல் சிவப்புப் பூச்சு, நேரே வெளியே மணல் தொட்டிக்கு. கிழிந்த செல் உறைகளை எடுத்துவிட்டு மின் காப்பு அட்டைத் தாள் வைத்தான், ஆடிக்கொண்டிருந்த முனைகளை இறுக்கினான், பொருந்தாத சார்ஜர்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். எட்டு வாரத்தில் இருநூறுக்கு மேல் பெட்டி பார்த்திருப்பான். இருபத்தோரு பெட்டி சிவப்பு. இருபத்தோரு வீடு தப்பியது என்று சங்கத் தலைவர் சொன்னார். அவன் மனதுக்குள் கணக்கு வேறு மாதிரி ஓடியது. இருபத்தோரு வீட்டைக் கூட்டினாலும் அத்தான் வீட்டு வாசல் நடை ஒன்று கழியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். தீப்பிடித்த வீட்டை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்திருந்தார்கள். சுவரில் இன்னும் ஆணி அடிக்கவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தாளை விரித்தாள்.

"மாமா, வா. உனக்காகத்தான் காத்திட்டு இருக்கேன். நாலாயிரம் பிரதி. எல்லா டெலிவரி ஆபீஸ்லயும் ஒட்டப் போறாங்க. காலைல மெஷின்ல ஏறிடும். வோல்ட் விவரமெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடு."

நடுவில் அத்தானின் புகைப்படம். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: கவனக்குறைவால் உயிரிழந்தவர். அதற்கும் கீழே: இவர் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள்.

"போட்டோவுல நல்லாத்தான் இருக்கார்" என்றாள் அக்கா தலை நிமிராமல். "கீழ எழுதினது படிக்கத்தான் கஷ்டமா இருக்கு. உள்ளதைத்தானே போட்டிருக்கா, என்ன பண்றது. கட்டின நாள்லேருந்து அந்த மனுஷன் எதை ஒழுங்கா மாட்டியிருக்கார்? சட்டைப் பொத்தானையே ஒண்ணு மாத்தித்தான் போடுவார்."

"நீ பேசாம இரும்மா. மாமா படிக்கட்டும்."

மீட்டர் படித்தான். வோல்ட் விவரமெல்லாம் சரியாக இருந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

"இதைப் போடாதே பாப்பா" என்றான்.

"எதை?"

"இந்த வரியை. அப்பா கேட்டார்."

"யார்கிட்ட? என்ன கேட்டார்?"

"என்கிட்ட. பெட்டியைப் பார்த்தாச்சான்னு போன் பண்ணிக் கேட்டார். வாடை வருதுன்னு சொன்னார். நான் பார்த்தாச்சுன்னு சொன்னேன். நான் பார்த்தது நெஜம். கெட்டுப்போயிருக்குன்னு பார்த்தேன். சரி பண்ணல. சாயங்காலம் பண்ணலாம்னு வச்சுட்டுத் தூங்கிட்டேன். தூக்கத்துல பதில் சொன்னேன். அதை நம்பித்தான் போட்டார். எந்தச் சார்ஜரைப் போட்டிருந்தாலும் அந்தப் பெட்டி எரிஞ்சிருக்கும்."

அக்காவின் கையில் பாதி மடித்த தலையணை உறை அப்படியே நின்றது.

"எத்தனை மணிக்குப் பண்ணார்?"

"ரெண்டு இருபது."

"அப்ப நான் சாப்பிட்டுட்டுக் கை கழுவிட்டு இருந்தேன்" என்றாள் அக்கா. யாருக்கும் சொன்ன மாதிரி இல்லை.

மகள் உட்காரவில்லை. தாளை மேசையில் நேராக நகர்த்தி வைத்தாள். ஓரம் மேசை ஓரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தாள்.

"எட்டு ஞாயித்துக்கிழமை" என்றாள். "எங்க அப்பா ஒரு முட்டாள்னு நானே எழுந்து நின்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். நீ பக்கத்துல உட்கார்ந்து தலையை ஆட்டிட்டு இருந்தே."

"தலையை ஆட்டல பாப்பா."

அது வாயை விட்டுப் போன பிறகுதான், எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று அவனுக்கு உறைத்தது.

"ஓ. அதையும் அளந்து வச்சிருக்கியா?"

அக்கா தலையணை உறையை மடித்து முடித்து மற்றதன்மேல் வைத்தாள்.

"அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ரெண்டு நாளும் காலடியிலயே உட்கார்ந்திருந்தே" என்றாள். "எவ்வளவு பாசம்னு நினைச்சேன். ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன் உன்னை."

"அக்கா."

"நீ கிளம்பு. கதவைச் சாத்திட்டுப் போ."

மறுநாள் தீயணைப்பு அலுவலகத்துக்குத் தனியாகப் போனான். போய்ச் சேர்ந்தபோது மகள் முன்பே வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அவளும் நகர்ந்து இடம் விடவில்லை. அதே அதிகாரிதான். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கலாம்."

"உங்க கடை உரிமத்தையும் கேப்பாங்க இப்ப. தெரிஞ்சுதான் எழுதித் தர்றீங்களா?"

"தெரியும்."

"கவனக்குறைவுங்கிறதை எடுக்கணும்னா, அவர் கேட்டதுக்கு ஆதாரம் வேணும்."

மீட்டர் போனை எடுத்துக் காட்டினான். அந்த நாள், இரண்டு இருபது, முப்பத்தெட்டு நொடி. மூன்று மாதமாக அதை அழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். அதிகாரி தேதியைக் குறித்துக்கொண்டார். பெஞ்சிலிருந்து மகள் எழுந்து வந்து போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். அந்த ஒரு வரியை நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை மேசைமேல் வைத்தாள், அவன் கையில் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று வெள்ளி, சனி இரண்டு நாளும் யோசித்தான். முப்பது பெட்டி வரும். போகாவிட்டால் முப்பதும் அப்படியே திரும்பிப் போய் முப்பது வீட்டில் பிளக்கில் ஏறும். போனான்.

அவள் இருந்தாள். நாற்காலியை மேசையின் மறுகோடிக்கு நகர்த்திப் போட்டிருந்தாள். நேரம் ஆனதும் எழுந்தாள்.

"போன வாரம் வரைக்கும் நான் ஒண்ணு சொல்லிட்டு இருந்தேன். அது தப்பு. எங்க அப்பா பார்த்தார். வாடை வருதுன்னு கண்டுபிடிச்சார். போன் பண்ணிக் கேட்டார். கேட்டுட்டுத்தான் சொருகினார். பதில்தான் தப்பா வந்துச்சு."

"யாரும்மா அப்படிப் பதில் சொன்னது?" என்றார் மருந்துக்கடைப் பெரியவர். "அவனையெல்லாம் சும்மாவா விட்டீங்க?"

அச்சேறாமல் நின்றுபோன அந்தத் தாள் அவள் கையில் இருந்தது, அதைப் பார்த்தாள். மீட்டரின் பக்கம் திரும்பவே இல்லை. பெயரைச் சொல்லிவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். சொல்லிவிட்டால் எவ்வளவு எளிதாகப் போயிருக்கும் என்று பட்டது. அவள் சொல்கிறவளாகத் தெரியவில்லை.

மீட்டர் எழுந்தான்.

"நான்தான்" என்றான்.

சொன்னான். டேப்பை, அலமாரியை, தூக்கத்தை, அதிகாரியிடம் சொன்ன ஒற்றை வார்த்தையை. சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் சுமந்தது இவ்வளவு சிறியதா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

யாரும் கூச்சல் போடவில்லை. பின்பெஞ்சில் ஒருவன், "நம்ம உசுரை இந்தக் கையிலதான் கொடுத்துட்டு இருந்தோமா" என்று பக்கத்திலிருந்தவனிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. பெரியவர் மேசைக்கு வந்து, முன்பே அங்கே வைத்திருந்த தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் அவர் பின்னால் எழுந்தார்கள். வாசலில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் வந்தது. மின்சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது என்பார்கள். அன்றைக்குக் கேட்டது.

ஒன்பது பேர் மிச்சம் இருந்தார்கள்.

அதில் பார்சல் தூக்குகிற ஒரு பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையை அதன்மேலேயே வைத்திருந்தாள்.

"வேற எங்க போறது, நாளைக்கு நான் வண்டி எடுத்தாகணும்" என்றாள். "ஆனா நீங்க எழுத வேண்டாம். நீங்க படிங்க. நான் எழுதுறேன்."

தாளையும் பேனாவையும் அவன் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவன் பக்கத் தகட்டைக் கழற்றினான். "ஒண்ணு. மூணு புள்ளி எட்டு ஒண்ணு."

எழுதினாள்.

"ரெண்டு. மூணு புள்ளி எட்டு பூஜ்யம்."

"இருங்க. நானும் பார்க்கணும்." மல்டிமீட்டரின் முகப்பைத் தன் பக்கம் திருப்பி எண்ணைப் படித்துவிட்டு எழுதினாள்.

மறுகோடியில் நாற்காலி நகர்ந்தது. அக்கா மகள் எழுந்து, மேசையிலிருந்த தாள்கட்டைப் பிரித்து, பெஞ்சில் மிச்சமிருந்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவரவர் பெட்டிக்கு அவரவரே எழுதிக்கொள்ளச் சொன்னாள். முனைகள் தெரிகிற மாதிரி விளக்கை இன்னும் தாழ்த்தினாள். மேசையருகே வந்ததும் நின்றாள்.

"அடுத்தது படிங்க" என்றாள் அவனிடம்.

பேச்சு வந்த நாளிலிருந்து அவனை அவள் நீ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அவன் மல்டிமீட்டரின் முனைகளை மூன்றாவது வரிசையில் வைத்தான். எண் துடித்துக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பொறுத்திருந்தான்.

"மூணு. மூணு புள்ளி ஏழு ஒன்பது."

"சரியாக் கேக்கல. திருப்பிச் சொல்லுங்க" என்றாள் பார்சல் தூக்குகிற பெண்.

திருப்பிச் சொன்னான்.